பச்சை விளக்கு எரிகிறது, கோப்பு அங்கே இல்லை: நகலாக்கக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

நாகர்கோவிலில் ஒரு சேமிப்புப் பெட்டி (முதன்மை), மார்த்தாண்டத்தில் இன்னொன்று (துணை). முதலாவதில் எழுதுவது இரண்டாவதிலும் போய்ச் சேர வேண்டும். ரெப்ளிகேஷன் என்கிற நகலாக்கத்தின் வேலை இவ்வளவுதான். ஸ்கேன் மையம், கூட்டுறவுச் சங்கம், நகைக்கடை, கல்யாண வீடியோ ஸ்டுடியோ என்று யார் வைத்திருந்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகின்றன. தொலைபேசியில் அழைப்பவர்கள் ஆரம்பிப்பதும் ஒரே வாசகத்தில்தான்: "பச்சை விளக்கு எரிகிறது சார், ஆனால் கோப்பு அங்கே இல்லை."

பச்சை விளக்கை நான் நம்புவதில்லை. கடைசியாகத் தொடங்கிய வேலை தடையில்லாமல் முடிந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி வேறு: எதிர்முனையில் இருப்பது எத்தனை மணி நிலவரம்?

தொடங்கும் முன்: மூன்று நேரங்கள்

ஒரு தாளில் மூன்று நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள். முதன்மைப் பெட்டியில் கடைசி மாற்றம் நடந்த நேரம், நகலாக்க வேலை கடைசியாக முடிந்த நேரம், துணைப் பெட்டியில் இருக்கும் கடைசி ஸ்நாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலவரத்தை அப்படியே பிடித்து வைத்த படம்) எடுக்கப்பட்ட நேரம். பலர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். காலை 6 மணிக்கு வேலை முடிந்தது என்றால் அங்கே 6 மணி நிலவரம் இருக்கிறது என்று ஆகிவிடாது. முந்தைய இரவு 10 மணிக்கு எடுத்த ஸ்நாப்ஷாட்டை 8 மணி நேரமாக அனுப்பி முடித்திருக்கலாம். அப்படியானால் அங்கே இருப்பது இரவு 10 மணி நிலவரம்தான்.

கடிகாரத்தையும் சரிபாருங்கள். ஒரு பெட்டி இந்திய நேரத்திலும் மற்றது உலகப் பொது நேரத்திலும் ஓடினால் இடையில் ஐந்தரை மணி நேரம் இடறும். மாலை 6.30-க்கு எடுத்த ஸ்நாப்ஷாட் பட்டியலில் பிற்பகல் 1 மணி என்று தெரியும்; இல்லாத பின்தங்கலைத் தேடி அரை நாள் போய்விடும்.

இதற்கெல்லாம் ஒரு சாட்சிக் கோப்பு வைத்துவிடுவது நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அப்போதைய நேரத்தை ஒரு சிறிய உரைக் கோப்பில் எழுதும்படி முதன்மைப் பெட்டியில் ஒரு வேலையை அமையுங்கள். மார்த்தாண்டத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே என்ன நேரம் இருக்கிறதோ அதுதான் அங்குள்ள நிலவரம். எந்த மென்பொருளின் அறிக்கையைவிடவும் இந்த ஒரு வரி நேர்மையானது.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். உடனுக்குடன் வகையில், துணைப் பெட்டி "எழுதிவிட்டேன்" என்று பதில் தரும் வரை முதன்மைப் பெட்டி தன் பயனருக்கு "முடிந்தது" என்று சொல்லாது. பின்தொடரும் வகையில், முதன்மை தன் வேலையை முடித்துவிட்டு மாற்றங்களை வரிசையில் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்நாப்ஷாட் வகையில், குறித்த நேரங்களில் ஒரு படம் பிடித்து, முந்தைய படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பும். சிறு நிறுவனங்களில் இருப்பவை பெரும்பாலும் மூன்றாவது வகை. அல்லது ஆர்சிங்க் போன்ற கருவியால் கோப்பு கோப்பாக ஒப்பிட்டு அனுப்புவது.

ஒரு தடையுத்தரவு: "மீண்டும் ஒத்திசை" என்ற பொத்தானை எந்தத் திசையில் போகிறது என்று உறுதியாகத் தெரியாமல் தொடாதீர்கள். பழைய நிலவரம் புதிய நிலவரத்தின்மேல் ஏறி உட்கார்வது பெரும்பாலும் அந்தப் பொத்தானால்தான்.

அறிகுறி: வேலை வெற்றி, கோப்பு இல்லை

பத்தில் பெரும்பாலானவை அமைப்புக் கோளாறுகள்தான். நகலாக்கத்தை அமைத்தபோது இருந்த பகிர்வுக் கோப்புறைகள் மட்டுமே வேலையில் சேர்க்கப்பட்டிருக்கும். அதன்பின் கணக்குப் பிரிவுக்கென்று யாரோ புதிதாக ஒரு கோப்புறை உண்டாக்கியிருப்பார்கள். அதைப் பற்றி நகலாக்க வேலைக்கு யாரும் சொல்லவில்லை. கொடுத்ததை ஒழுங்காக அனுப்பி முடித்துப் பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது, பாவம். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்கள், உள்ளடங்கிய தரவுத்தொகுதிகளையும் சேர்த்து அனுப்பும் விருப்பம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல் தொகுதி மட்டும் போய், அடியில் உள்ளவை இங்கேயே தங்கிவிடும்.

விலக்குப் பட்டியலையும் ஒரு முறை வாசியுங்கள். தற்காலிகக் கோப்புகளை விலக்குவதற்காக எழுதிய விதி, அதே முடிவுள்ள உண்மையான கோப்புகளையும் விலக்கும். ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டிங் மென்பொருளின் இடைக்காலக் கோப்புகளைத் தவிர்க்கச் சேர்த்த விதி, புராஜெக்ட் கோப்புகளையும் சேர்த்துத் தவிர்த்துக்கொண்டிருந்தது. வீடியோ எல்லாம் மார்த்தாண்டத்தில் பத்திரமாக இருந்தது. அவற்றை எந்த வரிசையில் வெட்டி ஒட்டியது என்ற கணக்கு மட்டும் இல்லை.

இரண்டும் சரியாக இருந்தால், துணைப் பெட்டியில் நீங்கள் பார்ப்பது எந்தப் படம் என்று பாருங்கள். சில பெட்டிகள் வாசிப்பதற்குத் திறந்து வைத்த பழைய ஸ்நாப்ஷாட்டையே காட்டிக்கொண்டிருக்கும். புதியது பின்னால் வந்து காத்திருக்கும். மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: பின்தங்கல் நாளுக்கு நாள் ஏறுகிறது

இங்கே கோளாறு தேடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். இணைப்பு விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். நமக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்றம் கிடைத்தால் மணிக்கு 9 ஜிகாபைட் போகும். இரவு 8 முதல் காலை 8 வரை வேறு யாரும் பயன்படுத்தாவிட்டால் 108 ஜிகாபைட். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளில் மாறும் தரவு இதற்குள் இருந்தால் தாங்கும். ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிகாபைட் காட்சி எடுத்து வந்து இறக்கினால் அது போய்ச் சேர 33 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அடுத்த முகூர்த்தம் மறுநாளே இருந்தால் வரிசை நீளத்தான் செய்யும். ஆடியிலும் தவக்காலத்திலும் தானாக இறங்கும் பின்தங்கல் ஆவணி பிறந்ததும் ஏறுகிறது என்றால் பெட்டியில் பழுது எதுவும் இல்லை. மாத அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைக்கும் திட்டமா என்பதையும் பாருங்கள். 20-ஆம் தேதிக்குப் பிறகு மட்டும் பின்தங்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

கணக்குப்படி தாங்க வேண்டியது தாங்கவில்லை என்றால், தேவையில்லாமல் எது போகிறது என்று தேடுங்கள். கோப்பு கோப்பாக ஒப்பிடும் கருவிகளுக்குக் கோப்புறையின் பெயர் மாறினால் பழையது அழிந்து புதியது பிறந்ததாகத் தோன்றும். "தை மாதம்" என்றிருந்ததை "தை மாதம் முடிந்தவை" என்று மாற்றிய ஒரே செயலுக்காக முழுக் கோப்புறையும் மறுபடி இணைப்பில் ஏறும். ஸ்நாப்ஷாட் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பெயரைப் பார்ப்பதில்லை, மாறிய வட்டுக் கட்டங்களைப் பார்க்கிறது. இன்னொரு வழக்கமான குற்றவாளி, இரவு தோறும் சுருக்கி எடுக்கும் தரவுத்தளப் பேக்கப். உள்ளே பத்துப் பதிவுகள்தான் மாறியிருக்கும். சுருக்கிய கோப்போ தலை முதல் கால் வரை வேறாகியிருக்கும். நகலாக்கத்துக்குப் போகும் பேக்கப்பைச் சுருக்காமல் வைத்து, அனுப்பும்போது சுருக்கச் சொல்லுங்கள். வீடியோவும் ஜேபெக் படங்களும் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றுக்கு மேலும் சுருக்கம் போடுவது செயலிக்கு வெட்டி வேலை.

கம்பியில்லா இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஐந்து ஜிகாஹெர்ட்ஸ் ஆண்டெனா மாட்டுபவர்கள் ரப்பர் மரத்தை மறந்துவிடுகிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காலத்தில் ரப்பர் இலை உதிர்க்கும். அந்தச் சமயத்தில் மாட்டிச் சோதித்தால் எதிர்முனை கண்ணுக்கே தெரியும், வேகமும் அபாரமாக இருக்கும். புதுத்தளிர் விட்டு இலை முற்றியதும் சிக்னல் இறங்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி இலையெல்லாம் நனைந்தால் இன்னும் இறங்கும். இந்த அலைவரிசையில் சில கிலோமீட்டர் தூரத்துக்கு மழைத்துளி அவ்வளவு இடையூறு இல்லை. ஈர இலைதான் இடையூறு. "மழை வந்தால் நகலாக்கம் நிற்கிறது" என்ற புகாருக்கு நான் கொடுக்கும் விடை, மென்பொருளை விட்டுவிட்டு மாடிக்கு ஏறிப் பாருங்கள் என்பது. ஆண்டெனாவை உயர்த்த வேண்டும், அல்லது ஃபைபருக்கு மாற வேண்டும். மரம் அடுத்தவருடையது என்றால் வெட்டுகிற பேச்சே வேண்டாம்.

அறிகுறி: சிறியது போகிறது, பெரியது நடுவழியில் நிற்கிறது

இணைப்பு ஏற்படுகிறது, கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, பட்டியல்கூட வருகிறது. தரவு நகரத் தொடங்கியதும் அப்படியே உறைந்துவிடுகிறது. இது பெரும்பாலும் பொட்டல அளவுச் சிக்கல். சாதாரண ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ பிராட்பேண்டில் அது 1492. அதற்குள் விபிஎன் என்ற தனிச் சுரங்கப் பாதை அமைத்தால் இன்னும் குறையும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 1420. இடையில் ஏதோ ஒரு ரவுட்டர் "பெரிதாக இருக்கிறது" என்ற எச்சரிக்கைச் செய்தியைத் தடுத்துவிட்டால், அனுப்புபவருக்கு விவரம் தெரியாது. அனுப்பிக்கொண்டே இருக்கும், எதுவும் போய்ச் சேராது. சோதிப்பது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1464 பைட் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொட்டலம்; தலைப்புக்கு 28 பைட் கூடும்) அனுப்புங்கள், பிறகு 1472. முதலாவது போய் இரண்டாவது போகவில்லை என்றால் 1492 உள்ள பாதை அது. விபிஎன்னின் அளவை 1400 அல்லது அதற்குச் சற்றுக் கீழே இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

இணைப்பே ஏற்படவில்லை, போன வாரம் வரை சரியாக இருந்தது என்றால், ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் தொடங்கினால், சேவை நிறுவனம் உங்களைப் பலரோடு பகிரும் முகவரிக்கு மாற்றிவிட்டது. வெளியிலிருந்து உங்கள் பெட்டியை இனி யாரும் நேரடியாக அழைக்க முடியாது. பொது முகவரி உள்ள முனை காத்திருக்கட்டும், இல்லாத முனை அழைக்கட்டும். இரண்டுக்கும் இல்லை என்றால் வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்து நடுவில் வையுங்கள், அல்லது நிலையான முகவரிக்குப் பணம் கட்டுங்கள்.

கடற்கரை ஊர்களில், குளச்சலிலோ கன்னியாகுமரியிலோ, கேபிளையும் கழற்றிப் பாருங்கள். ஸ்விட்சில் ஒரு ஜிகாபிட்டாக இருந்த போர்ட் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால், எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடர்பு விட்டிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் இணைப்பு அறுந்ததுபோல் தெரியாது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும். முனையைக் கண்ணுக்கு அருகே பிடித்தால் பித்தளை நிறத்தின்மேல் பச்சையாகக் களிம்பு பிடித்திருப்பது தெரியும். உப்புக் காற்றின் வேலை. துடைத்துச் சமாளிக்காமல் முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

அறிகுறி: துணைப் பெட்டியை இணைத்ததும் முதன்மை மந்தமாகிவிட்டது

நீங்கள் உடனுக்குடன் வகையை நீண்ட தூரத்துக்கு அமைத்திருக்கிறீர்கள். ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். நேர்க்கம்பி இருந்தால் போய்த் திரும்ப 0.3 மில்லிநொடிதான். ஆனால் பிராட்பேண்டில் அப்படி நேர்க்கம்பி கிடையாது. இரண்டு முனையிலும் வெவ்வேறு நிறுவனத்தின் இணைப்பு என்றால் தரவு சென்னை வரை போய் அங்கே கைமாறி மார்த்தாண்டத்துக்கு இறங்கி வருவது சகஜம். 700 கிலோமீட்டர் ஏறி, 700 இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப வேண்டும்: 2800 கிலோமீட்டர், ஒளிக்கு மட்டுமே 14 மில்லிநொடி. ரவுட்டர்களின் தாமதமும் சேர்ந்து 25 என்று வைத்துக்கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் மென்பொருள் நொடிக்கு 40 முறைக்கு மேல் எழுத முடியாது. பில் போடும் கவுண்டரில் வரிசை நிற்கத் தொடங்கும்.

இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஆகாது. 100 மெகாபிட்டை 300 ஆக்கினாலும் தூரம் குறைவதில்லை. ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடம் என்றால் மட்டும் உடனுக்குடன் வகையை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தாண்டினால் பின்தொடரும் வகைதான். வட்டையே நகலாக்கும் டிஆர்பிடி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது ஒரே எழுத்து மாற்றம்: சி என்ற நெறிமுறை எதிர்முனை வட்டில் எழுதும் வரை காத்திருக்கும், பி எதிர்முனையின் நினைவகத்தை எட்டியதும் திருப்தி அடையும், ஏ தன் வட்டில் எழுதி, அனுப்பும் வரிசையில் போட்டதும் போய்விடும். ஏ-யில் இணைப்பு அறுந்தால் வரிசையில் நின்ற சில நொடித் தரவு துணையில் இருக்காது. அந்த இழப்பு உங்கள் தொழிலுக்குத் தாங்குமா என்பதை நிறுவன உரிமையாளர்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல.

மந்தம் என்றில்லாமல் முழுவதும் நின்றுவிட்டது, துணை அணைந்திருக்கிறது என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் ஓர் அமைப்பைப் பாருங்கள். உடனுக்குடன் துணை என்று ஒரே ஒன்றைக் குறித்திருந்தால், அது விழுந்ததும் முதன்மை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பதிலை எதிர்பார்த்துக் காலவரையின்றிக் காத்திருக்கும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தற்காலிகமாக அந்தத் துணையின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி அமைப்பை மறுவாசிப்புச் செய்தால் கவுண்டர் நகரும்.

அறிகுறி: துணை நின்ற சில நாளில் முதன்மையில் இடம் தீர்கிறது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாட்கணக்கில் ஆனது. துணைப் பெட்டி இருக்கும் ஊர் அப்படி இருண்டுவிட்டால், முதன்மை என்ன செய்யும்? "அவன் வந்து கேட்பான்" என்று அனுப்பாத மாற்றங்களையெல்லாம் சேர்த்து வைக்கும். ஸ்நாப்ஷாட்களை அழிக்காது. போஸ்ட்கிரெஸ் என்றால் நகலாக்கத் துளை (துணை எதுவரை வாங்கியது என்று குறித்து, மீதியை அழிக்காமல் வைப்பது) என்ற ஏற்பாட்டின் காரணமாகப் பரிவர்த்தனைப் பதிவேடுகள் மலைபோல் குவியும். வட்டு நிறைந்தால் முதன்மையும் விழும். துணை நின்றதற்கு முதன்மை பலியாவது மடத்தனம்.

இப்போது இடம் தீரும் நிலையில் இருப்பவர்கள், பதிவேட்டுக் கோப்புறைக்குள் போய்க் கையால் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்; தரவுத்தளம் எழாமலே போகலாம். துணையின் துளையை முறைப்படி நீக்குங்கள். சற்று நேரத்தில் தானாகவே இடம் விடும். விலை, துணையைப் பிறகு முதலிலிருந்து கட்ட வேண்டும் என்பது. வருங்காலத்துக்கு, 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து ஒரு துளை எவ்வளவு பதிவேட்டைப் பிடித்து வைக்கலாம் என்று உச்சவரம்பு போடும் வசதி இருக்கிறது. இயல்பாக அது வரம்பற்றதாகவே இருக்கும். நீங்கள்தான் போட வேண்டும். உங்கள் ஊரில் அதிகபட்சம் எத்தனை நாள் மின்சாரம் போகும், ஒரு நாளைக்கு எவ்வளவு மாறுகிறது, இரண்டையும் பெருக்கினால் வரும் தொகையைவிடக் காலி இடம் கூடுதலாக இருக்கட்டும்.

அறிகுறி: "பொதுவான ஸ்நாப்ஷாட் இல்லை"

வேறுபாட்டை மட்டும் அனுப்ப வேண்டுமானால், எதிலிருந்து வேறுபாடு என்பதற்கு இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு படம் இருக்க வேண்டும். ஃபைபர் அறுந்து இரண்டு வாரம் இணைப்பு இல்லை; முதன்மையில் ஸ்நாப்ஷாட்களை ஏழு நாள் மட்டுமே வைத்திருக்கும் விதி. இணைப்பு திரும்பும்போது துணையிடம் உள்ள கடைசிப் படம் முதன்மையில் அழிந்துபோயிருக்கும். நாற்கரச் சாலை வேலைக்காகக் குழி தோண்டும் இடங்களில் இது வெறும் கற்பனை அல்ல.

முதலில் இரு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழையதாயினும் பொதுவாக ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று வைத்த பழைய படம் ஒன்று தப்பியிருக்கலாம். அது போதும். இசட்எஃப்எஸ்ஸில் புத்தகக்குறி என்ற வசதி உண்டு; படத்தை அழித்த பிறகும் "இந்த இடம் வரை அனுப்பினேன்" என்ற அடையாளத்தை மூலத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும், இடமும் பிடிக்காது. இன்றே அதை இயக்கி வையுங்கள்.

பொதுப் படம் இருந்தும் "இலக்கு மாறிவிட்டது" என்று மறுத்தால், துணைப் பெட்டியில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பல நேரங்களில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கோப்பைத் திறந்து பார்த்ததற்கே "கடைசியாகப் பார்த்த நேரம்" பதிவாகி, அதுவே மாற்றமாகக் கணக்காகிவிடும். துணைத் தொகுதியை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தால் இந்தத் தலைவலி வராது. துணையைப் பொதுப் படத்துக்கே பின்னோக்கி உருட்டும் கட்டாய விருப்பத்தைக் கொடுப்பதற்கு முன், மார்த்தாண்டத்தில் யாராவது அந்தப் பெட்டியில் உண்மையாகவே ஏதாவது சேமித்தார்களா என்று கேட்டுவிடுங்கள். உருட்டினால் அது போய்விடும்.

எதுவும் மிஞ்சவில்லை என்றால் முழுப் பிரதி. இங்கே பிடிவாதம் பிடித்து இணைப்பிலேயே அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 4 டெராபைட்டை 20 மெகாபிட்டில் அனுப்ப பதினெட்டரை நாள். துணைப் பெட்டியை அணைத்து, காரில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து, முதன்மையோடு ஜிகாபிட் கேபிளால் இணைத்தால் சுமார் பத்து மணி நேரம். மாலையில் தொடங்கினால் விடியும்போது முடிந்திருக்கும். மார்த்தாண்டத்துப் போக்குவரத்து நெரிசலைச் சேர்த்தாலும் இதற்கு இணையான இணைப்பு எதுவும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். டிக்கியில் போட வேண்டாம்.

அறிகுறி: கோப்பு வந்துவிட்டது, தரவுத்தளம் திறக்கவில்லை

இரண்டு பக்கமும் கோப்பின் அளவு ஒன்றாக இருக்கும், ஆனால் திறந்தால் சேதம் என்று சொல்லும். காரணம், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் கோப்பு கோப்பாக நகலெடுத்தது. முதல் கோப்பை 10.00 மணிக்கும் கடைசிக் கோப்பை 10.20-க்கும் எடுத்திருக்கிறீர்கள். இருபது நிமிடத்தில் உள்ளே பதிந்த பில்கள் சில கோப்புகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எழுதிய வரிசை குலைந்த பிரதி எந்த ஒரு நேரத்தின் நிலவரமும் அல்ல.

தீர்வு, ஒரே கணத்தில் ஸ்நாப்ஷாட் எடுத்து அதிலிருந்து அனுப்புவது. தரவும் பதிவேடும் வெவ்வேறு தொகுதியில் இருந்தால் இரண்டையும் ஒரே குழுவாகச் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் அதே பிழை. அப்படி வந்த பிரதி, மின்சாரம் திடீரென்று போன கணினியை மறுபடி இயக்கியதற்குச் சமம். நல்ல தரவுத்தளம் அதிலிருந்து எழுந்துகொள்ளும். கணக்கு மென்பொருள் அப்படி எழாத ரகம் என்றால், இரவில் கடை அடைத்து மென்பொருளை மூடிய பிறகு எடுப்பதைத் தவிர வழியில்லை. "அண்ணாச்சி, கடையைப் பூட்டும் முன் எல்லாக் கணினியிலும் கணக்கை மூடிவிடுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கல்லாவில் ஒட்டுவதும் தொழில்நுட்பத்தில் சேர்ந்ததுதான்.

இதோடு சேர்ந்த ஓசையில்லாத வகை ஒன்று உண்டு. ஆர்சிங்க் இயல்பாகக் கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். இரண்டும் பொருந்தி உள்ளே மட்டும் கெட்டிருந்தால் அதற்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் சரிபார்ப்புத் தொகை விருப்பத்தோடு ஓட விடுங்கள். நேரம் எடுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓடட்டும்.

அறிகுறி: இரண்டு பெட்டியும் "நானே முதன்மை" என்கின்றன

நடுவில் இணைப்பு மட்டும் அறுந்தது, இரண்டு பெட்டியும் உயிரோடு இருக்கின்றன. துணைக்கு முதன்மை தெரியவில்லை. செத்துவிட்டது என்று எண்ணித் தன்னை முதன்மையாக்கிக்கொள்கிறது. இரண்டு ஊரிலும் இருவரும் எழுதுகிறார்கள். இணைப்பு திரும்பும்போது இரண்டு வரலாறுகள்.

முதல் வேலை, இரண்டு பக்கமும் எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டாவது, இரண்டு பக்கமும் உடனே ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து அழியாதபடி பூட்டுங்கள். இவ்விரண்டும் முடியும் வரை எவர் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்காதீர்கள். பிறகு, அறுந்த நேரத்துக்குப் பின் எந்தப் பக்கம் உண்மையான வேலை நடந்தது என்று மனிதர்களிடம் கேளுங்கள். பெட்டியிடம் கேட்டுப் பயனில்லை. தோற்கும் பக்கத்தை முடிவு செய்து, டிஆர்பிடி என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் "என் தரவைக் கைவிடு" என்ற விருப்பத்தோடு இணையச் சொல்லுங்கள். கைவிட்ட பக்கத்துப் பில்களைப் பூட்டி வைத்த ஸ்நாப்ஷாட்டிலிருந்து எடுத்துக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் தானாகக் கலக்கும் மந்திரம் எதுவும் கிடையாது.

இது திரும்ப வராதிருக்க, மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி வேண்டும். பெரும்பான்மை இருக்கும் பக்கம்தான் முதன்மையாகலாம் என்பது விதி. ஒரு சின்னக் கணினி போதும். ஆனால் அது இந்த இரண்டு அலுவலகங்களில் ஒன்றிலேயே இருக்கக் கூடாது. அதே மின்பாதையிலும் அதே ஃபைபரிலும் இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் தானியங்கி மாற்றத்தையே அணைத்துவிடுங்கள். இரண்டே பெட்டி வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு, முதன்மை எது என்பதை ஒரு மனிதர் தொலைபேசியில் விசாரித்துவிட்டு முடிவு செய்வதுதான் என் பார்வையில் பாதுகாப்பானது. கால் மணி நேரம் கூடுதலாகக் கடை நிற்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: இரண்டு பக்கமும் ஒரேபோல் அழிந்தது

யாரோ கோப்புறையை அழித்தார்கள், அல்லது ரான்சம்வேர் எல்லாவற்றையும் பூட்டியது. நகலாக்கம் தன் கடமையைச் செய்து அதையும் துணைக்கு அனுப்பிவிட்டது. அழிப்பும் ஒரு மாற்றம்தான்.

இப்போதுதான் நடக்கிறது என்று சந்தேகம் வந்தால், நகலாக்க வேலையை நிறுத்துங்கள், வலைப்பின்னல் கேபிளைப் பிடுங்குங்கள். பெட்டியை அணைக்க வேண்டாம். அன்றாடம் 5 ஜிகாபைட் மாறும் இடத்தில் திடீரென்று 200 ஜிகாபைட் வரிசையில் நிற்பது முதல் அடையாளம். கல்யாணமும் இல்லை, யாரும் எதையும் இறக்கவும் இல்லை என்றால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள்.

தப்பிப்பது துணையில் உள்ள பழைய ஸ்நாப்ஷாட்களால். முதன்மையில் ஏழு நாள் வைத்தால் துணையில் இரண்டு மாதம் வையுங்கள். முதன்மை தள்ளிவிடுவதற்குப் பதிலாகத் துணை வந்து இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அப்போது துணையின் கடவுச்சொல் முதன்மையில் எங்கும் இருக்காது, முதன்மையைப் பிடித்தவரால் துணையில் கைவைக்க முடியாது. இத்தனைக்கும் பிறகும் தனியாக ஒரு பேக்கப், கழற்றி அலமாரியில் வைத்த வட்டில், வேண்டும்.

அறிகுறி: துணையில் சமாளித்தாயிற்று, முதன்மைக்குத் திரும்ப முடியவில்லை

பழுது நீங்கி வந்த முதன்மையை நேராக இயக்கிவிடாதீர்கள். பழைய அட்டவணை உயிர்பெற்று, மூன்று நாள் முந்தைய நிலவரத்தை மார்த்தாண்டத்துக்கு அனுப்பத் தொடங்கும். கேபிளைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். உள்ளே போய்ப் பழைய நகலாக்க வேலையை முடக்குங்கள். பிறகு கேபிளை மாட்டி, மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு என்று எதிர்த்திசை வேலையை அமையுங்கள். பொதுப் படம் இருந்தால் இடைப்பட்ட மாற்றங்கள் மட்டும் வரும். பின்தங்கல் சில நிமிடங்களாகச் சுருங்கியதும், கடை அடைத்த நேரத்தில் எழுதுவதை நிறுத்தி, கடைசி ஒரு படத்தை அனுப்பி, சாட்சிக் கோப்பு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் துணையை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிட்டுத் திசையை மாற்றுங்கள். மறுநாள் காலை முதல் பில் போட்டதும், அது மார்த்தாண்டத்தில் தெரிகிறதா என்று அங்குள்ளவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.